குதிகால் படாத நடை

கண்ணு,

நேற்று மதியம் உங்கள் கார் கச்சிராயபாளையம் பஸ் நிறுத்தத்தைத் தாண்டித் திரும்பும்வரை வாசலில் நின்றிருந்தேன். கிளம்புகிற நேரத்தில் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சென்னைக்குப் போனதும் குழந்தையை ஒரு நல்ல டாக்டர்கிட்ட காட்டுப்பா, நடை சரியில்ல" என்றேன். நீ சிரித்தாய். "நீ டீச்சராவே இரும்மா, டாக்டரா ஆவாத" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாய். உன்மேல் எனக்குக் கோபமில்லை. ஏன் என்று நீ திருப்பிக் கேட்டிருந்தால் நானும் மழுப்பித்தான் இருப்பேன். முப்பது வருஷமாக மழுப்பிப் பழகிய வாய் இது. போனில் பேசினாலும் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன் என்று எனக்கே தெரியும். அதனால் எழுதுகிறேன். இன்று காலை பள்ளி நோட்டில் தாள் கிழித்து எழுத உட்கார்ந்தேன், மூன்று தாளைக் கசக்கிப் போட்டாயிற்று. இதை ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன். முதலில் நீ தனியாகப் படி. குழந்தையைப் பெற்றவள் கயல், படித்து முடித்ததும் அவளுக்கு ஒரு வரி விடாமல் படித்துக் காட்டு.

சுற்றி வளைக்கவில்லை. உன் பிள்ளை நிலவன் நுனிக்காலில் நடக்கிறான். பொங்கலுக்கு நீங்கள் வந்தபோது அவன் புதிதாக நடக்கக் கற்றிருந்தான், தத்தக்கா பித்தக்கா என்றாலும் பாதம் முழுக்கத் தரையில் பதிந்தது. இப்போது பதியவில்லை. உனக்கு ஒரு அக்கா இருந்தாள், பெயர் மலர். கூடத்தில் மாலை போட்டு மாட்டியிருக்கும் படத்தில் இருப்பவள். மூளைக் காய்ச்சலில் செத்துப்போனாள் என்று சொல்லி உன்னை வளர்த்தேன். அது பொய். அவளும் நன்றாக நடந்துகொண்டிருந்து, பிறகு இப்படித்தான் நுனிக்காலில் நடக்க ஆரம்பித்தாள். அவளுக்கு வந்தது என் இரத்தத்திலும் உன் அப்பா இரத்தத்திலும் இருந்து வந்தது. அது உன்னிடமும் கயலிடமும் இருக்கலாம். நிலவனைக் குழந்தைகளுக்கான நரம்பு மருத்துவரிடம் இந்த வாரமே கூட்டிக்கொண்டு போ. இந்தக் கடிதத்தில் இருக்கும் மற்றது எல்லாம் நீ அவரிடம் சொல்லவேண்டிய கதைதான்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் காது குத்தி முடித்ததும் அவனைக் கீழே இறக்கி விட்டீர்களே, ஞாபகம் இருக்கிறதா? பொங்கப்பானை பக்கமாக அவன் துள்ளித் துள்ளிப் போனான். உன் மாமன் என் தோளைத் தட்டி, "எம்பேரன் இன்னா நட நடக்குறான் பாத்தியாக்கா? சினிமால டான்சு ஆடுறாப்பல, குதிகாலு தரையிலயே படல!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நீயும் போனில் படம் எடுத்தாய். என் கூடப் பிறந்தவன், கயலைப் பெற்றவன், என்னிடமே வந்து அதைப் பெருமையாகச் சொன்னான். சொல்லவேண்டிய நேரத்தில் அவனிடம் நான் சொல்லியிருந்தால் அவன் அங்கே சிரித்திருக்க மாட்டான்.

நான் முப்பத்து நாலு வருஷம் அறிவியல் நடத்தியவள். பத்தாம் வகுப்பில் நரம்பு மண்டலம் பாடம் வந்தால் ஒரு முழுக் கரும்பை அதன் இலைச் சோகையோடு வகுப்புக்குத் தூக்கிப்போவேன். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல படம் கிடையாது. கரும்புதான் நரம்பு இழை, அதைச் சுற்றிக் கட்டியிருக்கும் சோகைதான் மையலின் உறை, நடுநடுவே தெரியும் கணு மாதிரியே நரம்பிலும் உறை விட்டுப்போன கணு உண்டு, சேதி ஒரு கணுவிலிருந்து அடுத்த கணுவுக்குத் தாவித் தாவி ஓடும் என்பேன். சோகையை உரித்துக் காட்டிவிட்டுக் கரும்பை வெட்டிக் கொடுத்தால் ஒருத்தனும் அந்தப் பாடத்தை மறக்கமாட்டான். அந்த உறையை உண்டாக்கும் தாங்கு செல்களைப் பற்றிப் புத்தகத்தில் ஒரு வரிதான் இருக்கும். தேர்வில் ஒரு மார்க்குக்குக்கூட வராது என்று அந்த வரியை நானும் வேகமாகப் படித்துவிட்டுப் போய்விடுவேன்.

அதே பாடத்தில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஒரு பையனை மேசைமேல் கால் தொங்க உட்கார வைத்து, முழங்கால் சில்லுக்குக் கீழே என் உள்ளங்கை ஓரத்தால் ஒரு தட்டுத் தட்டுவேன். அவன் கால் தானாக உதைக்கும். வகுப்பே கூச்சல் போடும். இதுதான் அனிச்சைச் செயல், இதற்கு மூளையின் அனுமதி வேண்டாம், நரம்பும் அதன் உறையும் நன்றாக இருந்தால் போதும் என்று சொல்லிக் கரும்பலகையில் படம் போடுவேன். எத்தனையோ முழங்காலைத் தட்டியிருக்கிறேன், எங்கே தட்டவேண்டும் என்று என் கைக்குத் தெரியும். இதை மனதில் வைத்துக்கொள்.

மலர் பிறந்தபோது எனக்குக் கல்வராயன் மலையில் வேலை. வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம், பிள்ளைகள் தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடம். நானும் மலரும் அங்கேயே ஒரு அறையில் இருந்தோம். உன் அப்பா கீழே கரும்பைப் பார்த்துக்கொண்டு வாரத்தில் ஒரு நாள் பஸ் பிடித்து மேலே வருவார். நீ அப்போது என் வயிற்றில். மலருக்கு இரண்டு வயது நிரம்பவில்லை. கோழி, தண்ணி, பூனை என்று வாய் ஓயாமல் பேசுவாள். பள்ளிக்கூடத்தில் சமைத்துக்கொண்டிருந்த சின்னப்பொண்ணு என்கிற மலைக்காரப் பெண்தான் முதலில் கண்டுபிடித்தாள். "டீச்சரே, பாப்பா இன்னா குதிகால ஊனவே மாட்டேங்குது? போன மாசம் நல்லாத்தான நடந்துச்சு" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. சமையல்காரி எனக்குச் சொல்வதா என்ற திமிர். "மேட்டுல ஏறி எறங்குற புள்ள அப்பிடித்தான் நடக்கும். நீ போயி அடுப்பப் பாரு" என்றேன். அவள் கோபப்படவில்லை. "எங்க புள்ளைங்களும் இதே மேட்டுலதான் பொறந்தாங்க டீச்சரே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று நாலு மணிக்குப் பள்ளி விட்டதும் காலி வகுப்பறையில் மலரை மேசைமேல் உட்கார வைத்தேன். தட்டினேன். கால் அசையவில்லை. மறுபடி தட்டினேன், மூன்றாம் முறையும் தட்டினேன். ஏதோ விளையாட்டு என்று அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், கால் மட்டும் தொங்கிய இடத்திலேயே தொங்கியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? தட்டிய இடம் தவறு, சின்னக் கால், சரியாகப் படவில்லை என்று சொல்லிக்கொண்டு அவளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டேன். வருஷா வருஷம் குறி தப்பாமல் தட்டியவள், என் பிள்ளைக்குத் தட்டியபோது மட்டும் என் கையைக் குறை சொன்னேன்.

அந்தப் பொய்யில் எட்டு மாதம் போயிற்று. நல்லெண்ணெய் தேய்த்தோம், கள்ளக்குறிச்சியில் ஒரு டாக்டர் எலும்புக்குச் சத்து மருந்து எழுதிக் கொடுத்தார். நடுவில் நீ பிறந்தாய். உனக்குக் கழுத்து நிற்கத் தொடங்கினபோது மலர் நிற்க முடியாமல் ஆனாள். நீ குப்புற விழுந்தபோது அவள் உட்கார முடியாமல் ஆனாள். பேச்சும் போயிற்று. கோழி போனது, பூனை போனது, கடைசியாகத் தண்ணி மட்டும் கொஞ்ச நாள் இருந்தது. ஒரே பாயில் இரண்டு பிள்ளைகளையும் கிடத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒன்று ஏறிக்கொண்டிருந்தது, ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. உன்னைக் கொஞ்சுவதற்கே எனக்குப் பயமாக இருந்தது.

கடைசியில் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். சின்ன வயசு டாக்டரம்மா ஒருவர் ரப்பர் சுத்தியால் மலரின் முழங்காலைத் தட்டினார். கால் ஆடவில்லை. சுத்தியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். நரம்பில் மின்சாரம் ஓடுகிற வேகம் பார்த்தார்கள், தலையைப் படம் எடுத்தார்கள், இரத்தத்தை வேறு ஊருக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று அவர் கேட்ட முதல் கேள்வி, "நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?" அத்தை மகன் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

நான் அறிவியல் டீச்சர் என்று தெரிந்ததும் ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். அன்றைக்குத்தான் அந்த ஒரு வரித் தாங்கு செல்களை ஒழுங்காகப் படித்தேன். என் கரும்பு உதாரணம் தப்பு, கண்ணு. கரும்புக்குச் சோகை அதன் உடம்பிலிருந்தே வருகிறது. நரம்புக்கு அப்படி இல்லை. உறையாக இருப்பது வேறொரு செல். கை கால் நரம்புகளில் ஒவ்வொரு செல்லும் ஒரு துண்டு இழையைப் பிடித்துக்கொண்டு, தன் உடம்பையே மெல்லியதாக்கி அதைச் சுற்றிச் சுற்றி வருகிறது. சுற்றச் சுற்ற உள்ளே இருக்கும் நீர்மமெல்லாம் பிதுங்கி வெளியேறி, கொழுப்பும் புரதமும் கலந்த ஏடு மட்டும் அடுக்கடுக்காக நிற்கிறது. மூளைக்குள் இருக்கும் செல்லுக்குக் கைகள் பல, ஒரே செல் பல இழைகளுக்குப் போய்ச் சுற்றும். தனக்கென்று ஒரு சேதியும் கடத்தாத செல்கள். இன்னொன்று போகும் வழிக்காகத் தன்னையே சுற்றிக் கொடுத்து, அந்த இழைக்குச் சாப்பாடும் ஊட்டுகின்றன. வயிற்றில் இருக்கும்போது தொடங்கி, பிறந்த முதல் இரண்டு வருஷம் இந்த வேலை மும்முரமாக நடக்கும். கழுத்து நிற்பதும் உட்காருவதும் நடப்பதும் இந்த உறை ஏறிக்கொண்டே போவதால்தான்.

மலருக்கும் உறை ஏறத்தான் செய்தது. ஆனால் அந்த உறையில் இருக்கும் ஒருவகைக் கொழுப்பு பழையதானால் அதைக் கரைத்துக் கழிக்க ஒரு நொதி வேண்டும். அவள் உடம்பில் அது இல்லை. கழியவேண்டிய கொழுப்பு அந்தச் செல்களுக்குள்ளேயே தேங்கித் தேங்கி, உறையைச் சுற்றியவையே செத்துப்போயின. உறை போனதும் சேதி போகும் வேகம் குறைந்தது, பிறகு நின்றது. அந்த நொதிக்கான குறை என்னிடம் ஒரு பங்கும் அப்பாவிடம் ஒரு பங்கும் இருந்தது. ஒரு பங்கு மட்டும் இருந்தால் ஒன்றும் செய்யாது. இரண்டு பங்கும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்தால் நோய். ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு வாய்ப்பு. அப்போது அதற்கு மருந்து இல்லை. உன்னையும் சோதித்தார்கள், உனக்கு நோய் இல்லை என்றார்கள். அதை நான் நம்பவில்லை. நாலு வயதுவரை நீ நடந்தால் உன் முகத்தைப் பார்க்கமாட்டேன், குதிகாலைத்தான் பார்ப்பேன்.

கிளம்பும்போது டாக்டரம்மா நோயின் பெயரைப் போட்டுத் தன் கையாலேயே தமிழில் ஒரு தாள் எழுதிக் கொடுத்தார். கூடப் பிறந்தவர்களுக்குக் கட்டாயம் சொல்லவும், இவர்களுக்குள் பெண் கொடுக்கல் வாங்கல் வேண்டாம் என்று எழுதியிருந்தது. பஸ்ஸில் வரும்போது உன் அப்பா, "வூட்டுக்குப் போனதும் மொதல்ல உந்தம்பிகிட்ட சொல்லிடு" என்றார். சரி என்றேன்.

மூன்று மாதம் கழித்து எலவனாசூர்கோட்டையில் உன் மாமன் வீட்டில் கயலைத் தொட்டிலில் போட்டார்கள். பெயர் சொல்லவேண்டியவள் அத்தைக்காரியான நான். மலரை அப்பாவிடம் விட்டுவிட்டு, உன்னைத் தூக்கிக்கொண்டு, கைப்பையில் அந்தத் தாளோடு போனேன். எல்லாம் முடிந்ததும் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லத்தான் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே இரண்டு பொம்பளைகள் பேசிக்கொண்டிருந்தார்கள். "அந்த டீச்சரு பொண்ணுக்கு இன்னாவாம்? வழி வழியா வர்ற நோவாமே." "அப்பிடின்னா அந்தப் பையனுக்கு எவ பொண்ணு குடுப்பா?" என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்கள். நீ என் இடுப்பில் இருந்தாய்.

குழந்தை காதில் மூன்று தடவை கயல், கயல், கயல் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிமிர்ந்து, அந்த இரண்டு பொம்பளைகளுக்கும் கேட்கிற மாதிரி, "எல்லாரும் கேட்டுக்குங்க. இது எம்மருமவ. எம்பையனுக்குத்தான்" என்றேன். உன் மாமன் கண் கலங்கிவிட்டான். "நீ வாய் தொறந்து சொல்லிட்ட இல்லக்கா, இதுக்கு மேல பேச்சே கெடையாது" என்றான். தாள் பையிலேயே இருந்தது. வீட்டுக்கு வந்தேன். அப்பா மலருக்குக் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தார். "சொல்லிட்டியா?" என்றார். சொன்னதைச் சொன்னேன். கிண்ணத்தைக் கீழே வைத்தார். "படிச்சவ நீ. நான் கரும்பு வெட்றவன். உனக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிடப் போவுது" என்றார். அதற்குப் பிறகு சாகும்வரை அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மலர் ஐந்தரை வயதில் போனாள். ஊருக்கு மூளைக் காய்ச்சல் என்றேன். பரம்பரை என்று சொன்னால் உனக்குப் பெண் கிடைக்காது என்று பயந்தேன், அதற்காகவே எந்த வீட்டில் பெண் எடுக்கக்கூடாதோ அந்த வீட்டிலேயே உனக்குப் பெண்ணை எழுதி வைத்தேன். இதைவிட மடத்தனம் ஒரு அறிவியல் டீச்சர் செய்ய முடியாது. நீங்கள் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் ஆசைப்பட்டதாக நினைக்கிறீர்கள். அந்த ஆசையைப் பேசிப் பேசி வளர்த்தவள் நான். உன் கல்யாணத்துக்குத் தேதி குறித்த வாரம் பெட்டியைத் திறந்து அந்தத் தாளை எடுத்தேன். அதே நேரம் கயல் ரவிக்கைத் துணியோடு உள்ளே வந்து, "அத்தே, இந்தக் கலரு எனக்கு எடுக்குமா?" என்று கேட்டாள். தாளை மடித்து உள்ளே வைத்துவிட்டேன். கயலிடம் அந்தக் குறை இல்லாமலும் இருக்கலாமே என்று எனக்கு நானே பாடம் நடத்தினேன்.

இப்போதும் இல்லாமல் இருக்கலாம். சில பிள்ளைகள் சும்மாவே நுனிக்காலில் நடந்து, பிறகு சரியாகிவிடும். அப்படியே இருக்கட்டும் என்று குலதெய்வத்தைக் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். ஆனால் கெஞ்சிக்கொண்டு நீ வீட்டில் உட்காராதே. டாக்டரம்மாவின் தாளை இதோடு வைத்திருக்கிறேன், அதைக் காட்டி இந்த நோய் குடும்பத்தில் உண்டு என்று நேராகச் சொல். உங்கள் இரண்டு பேர் இரத்தத்தையும் சோதிக்கச் சொல். அன்றைக்கு இல்லாத வைத்தியம் இன்றைக்கு ஏதோ வந்திருப்பதாகப் படித்தேன், அதுவும் ஆரம்பத்திலேயே என்றால்தான் என்கிறார்கள். நிலவனுக்கு ஆகுமா என்று எனக்குத் தெரியாது, கேள். இன்னொரு பிள்ளை வேண்டும் என்ற பேச்சு இருந்தால் முடிவு தெரியும்வரை நிறுத்தி வை. யாராவது கயலைக் குறை சொன்னால், உன் வாயாலேயே ஒரு சொல் வந்தாலும், அது என்னைச் சேரவேண்டிய சொல் என்று நினைத்துக்கொள். என்னை மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை, அவள் கையை விட்டுவிடாதே. உன் மாமனிடம் நானே எலவனாசூர்கோட்டைக்குப் போய்ச் சொல்கிறேன். தபாலில் இதைப் போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் அங்கேதான் கிளம்புகிறேன்.

ஒன்றை மட்டும் இதுவரை எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். ஞாயிறு சாயங்காலம் நீயும் உன் மாமனும் கோமுகி அணையைப் பார்க்கப் போனீர்கள். கயல் குளித்துக்கொண்டிருந்தாள். நிலவனைத் தூக்கிச் சாப்பாட்டு மேசை ஓரத்தில் கால் தொங்க உட்கார வைத்தேன். காதில் புதுக் கம்மல், கண்ணெல்லாம் சிரிப்பு. முழங்காலைத் தட்டினேன். "ஆயா, இன்னும்" என்று கேட்டான். அடுத்த காலையும் தட்டினேன். அவன் கைகொட்டிச் சிரித்தான். இரண்டு காலும் தொங்கிய இடத்திலேயே தொங்கின, கண்ணு. மலருக்குத் தட்டிய அன்று என்ன சொல்லித் தப்பித்தேனோ அதே வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. இந்தத் தடவை அதைச் சொல்லமாட்டேன். நான் சரியான இடத்தில்தான் தட்டினேன்.

அம்மா